மலாயாக்காரரின் நாக்கு

நான் முதன்முதலாகப் பியர் குடித்த நாளில், என் கையிலிருந்த கிளாசை வாங்கி வாழையடியில் ஊற்றியவர் அவர்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. உரும்பிராயில் ஓர் இங்கிலிசுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, அவருடைய வீட்டுக்கு அடுத்த வளவில் ஓர் அறை எடுத்திருந்தேன். அவர் மலாயா ரெயில்வேயில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். ஊரில் எல்லோரும் மலாயாக்காரர் என்றுதான் சொல்வார்கள். வயதைப் பார்த்தால் நான் அவரை ஐயா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். "ஐயா எண்டால் நான் கிழவனாய்ப் போடுவன், அண்ணை எண்டு கூப்பிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பேப்பர் இரவல் கேட்கப் போனேன். அவர் கிணற்றடியில், பலா மரத்தின் கீழ், சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுந்து போய்க் கிணற்றுக்குள் தொங்கிய கயிற்றை இழுத்தார். உமல் ஒன்று, பனையோலையில் பின்னிய பை, மேலே வந்தது. உள்ளே இரண்டு பியர்ப் போத்தில்கள், கிணற்றுக் குளிரில் வேர்த்துக்கொண்டு.

"தம்பி, இதுக்கு முன்னம் குடிச்சிருக்கிறீரோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஒரு வாய் பாரும். பாத்திட்டு என்ன மாதிரியெண்டு சொல்லும்."

குடித்தேன். வாயெல்லாம் கைத்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் விருப்பத்தோடு தந்தது. "அருமையாயிருக்கு அண்ணை" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. கிளாசை வாங்கினார், வாழையடியில் ஊற்றினார்.

"காலமை தொடக்கம் கிணத்துக்குள்ளை கிடந்த சாமான் தம்பி. பொய் சொல்லுறதுக்கு ஏன் இதைப் பழுதாக்கிறீர்? பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டும் பொய் சொல்லலாம்."

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். மறுபடியும் தந்தார். இந்த முறை, "கைக்குது அண்ணை. காய்ச்சலுக்குக் குடிக்கிற வேப்பம்பட்டைக் கசாயம் மாதிரி. நுரை மட்டும் பரவாயில்லை" என்றேன். தொடையில் அடித்துச் சிரித்தார். "இப்ப நீர் ஆள்!" என்று விளிம்பு வரை நிரப்பினார். அன்று முதல் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நானும் அந்தக் கிணற்றடியில் ஓர் ஆளானேன்.

என்னையும் அவரையும் விட இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் அப்போதிக்கரியார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்து ஓய்வு பெற்றவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வைனைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டார். "வேதப் புத்தகத்திலை சொல்லியிருக்கிறது வைன் மட்டும்தான். விஸ்கியைப் பற்றி ஒரு வசனம் காட்டுங்கோ, குடிக்கிறன்" என்பார். அவருடைய சபையிலோ புளிக்காத முந்திரிகைச் சாறுதான், வெறும் திராட்சை ரசம்தான், கொடுப்பார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே சனிக்கிழமைகளில் வருகிறார் என்று மலாயாக்காரர் சொல்வார்.

மற்றவர் செல்லையர், சுருட்டு வியாபாரி. போத்தில் என்றாலே அவருக்கு ஆகாது. பனையோலைப் பிளாவில் கள்ளு வார்த்து வைத்துக்கொண்டு, "போத்திலுக்குள்ளை அடைச்சதெல்லாம் பிரேதம். கள்ளுத்தான் உசிரோடை இருக்கிறது. காதைக் குடுத்துப் பாருங்கோ, கதைக்கும்" என்பார்.

"உம்மடை கள்ளு இண்டைக்கு என்ன கதைக்குது?" என்று மலாயாக்காரர் பிளாவை வாங்கி ஒரு மிடறு குடிப்பார். "நான் நேற்றையான் எண்டு சொல்லுது. புதுசோடை கலந்து உம்மை ஏமாத்திப்போட்டாங்கள்." செல்லையர் அடித்துச் சத்தியம் பண்ணுவார். அடுத்த கிழமை வந்து, விசாரித்தேன், உண்மைதான் என்று ஒப்புக்கொள்வார்.

அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. முதல் மிடறு வாய்க்குள் போனதும் ஒருவரும் கதைக்கக் கூடாது. விழுங்கிய பிறகு ஒவ்வொருவராகத் தன் வாய்க்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். மற்றவன் சொன்னதையே திருப்பிச் சொல்பவனுக்கு இரண்டாவது கிளாஸ் கிடையாது. "அவன்ரை நாக்காலை நீ ஏன் குடிக்கிறாய்?" என்று கேட்பார்.

இதைக் கேட்டு அவரை ஓர் அரிச்சந்திரன் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண பொய்களை அவர் கூசாமல் சொல்வார். கோயில் கூட்டம் என்றால் அவருக்குக் காய்ச்சல். சுருட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் மாதம் ஒரு முறை சொல்வார். ஆனால் தன் நாக்கில் பட்ட ஒன்றைப் பற்றி மட்டும் அவருக்குப் பொய் வராது. மனைவியின் சமையலுக்கும் அதே நீதிதான்.

"முப்பது வருஷமாச் சமைச்சுப் போடுறன்" என்று அந்த அம்மா ஒரு நாள் என்னிடம் முறையிட்டா. "ஒரு நாள் பொய்க்காவது நல்லாயிருக்கெண்டு சொல்லட்டுமன். புளி கூடிப்போச்சு, தேங்காய் பழசு, இதுதான் கதை." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் தம்பி, அந்த மனுஷன் நல்லாயிருக்கெண்டு சொன்னால் அது நல்லாயிருக்கும்" என்றா. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

இந்தக் குணத்தால் அவர் பட்ட நட்டங்கள் கொஞ்சமல்ல. அவருடைய பங்குக் கிணற்று வழக்கைப் பேசிக்கொண்டிருந்த பிரக்கிராசியார் ஒரு முறை விஸ்கிப் போத்தில் ஒன்றோடு வந்தார். சீமையிலிருந்து வந்தது, முத்திரை உடைக்காதது என்று சொல்லித் தானே திறந்து வார்த்தார். நாங்கள் மூவரும் தலையை ஆட்டினோம். விஸ்கியைத் தொடாத அப்போதிக்கரியார்கூட மணந்து பார்த்து "ஆகா" என்றார். மலாயாக்காரர் கண்ணை மூடி விழுங்கினார்.

"போத்தில் சீமைதான்" என்றார். "உள்ளுக்கிருக்கிறது எங்கடை சாராயம். நிறத்துக்குச் சீனி எரிச்சு விட்டிருக்கிறாங்கள். கடைக்காரன் உங்களைச் சுத்திப்போட்டான்."

பிரக்கிராசியார் போத்திலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வழக்குக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. அது இன்னும் மூன்று வருடம் இழுபட்டது.

"உங்களுக்கு என்ன அண்ணை வந்தது? நல்லது எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்று நான் கேட்டேன்.

அவர் கிளாசைக் கவிழ்த்து வைத்தார். மற்ற இருவரும் போன பிறகு சொன்னார். மலாயாவில், கலியாணத்துக்கு முன், அவரோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதன் ஒருவன் இருந்தானாம். யாரோ களவாகக் காய்ச்சிய சாராயத்தை ஒரு விருந்தில் எல்லோருக்கும் வார்த்தார்களாம்.

"எனக்கு முதல் மிடறிலையே பிழையெண்டு தெரிஞ்சுது தம்பி. ஆனால் எல்லாரும் நல்லது, நல்லது எண்டு குடிக்கிறாங்கள். நான் சபையைக் குழப்பக் கூடாதெண்டு என்ரை கிளாசை மெல்ல வைச்சிட்டுச் சும்மா இருந்திட்டன். ரண்டு நாளாலை அவனுக்குக் கண் தெரியாமல் போச்சு. பேந்து தெரியவேயில்லை."

அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். பெயர் பூமணி. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படித்துத் தேறியவள். அவளுக்குத் தரகர் ஒருவர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துப் பூமணியும் தலையசைத்துவிட்டாள். ஒரு சிக்கல் மட்டும்தான். மாப்பிள்ளையின் தகப்பன் கொடிகாமத்து மதுவொழிப்புச் சங்கத்தின் தலைவர். பேசியே இரண்டு கள்ளுத் தவறணைகளை மூடவைத்தவர் என்று பெயர்.

அவர் பெண் பார்க்க வரும் நாளுக்கு முதல் நாள் வீட்டிலிருந்த போத்தில் எல்லாம் வைக்கோற் போருக்குள் போயின. அப்போதிக்கரியாரும் செல்லையரும் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதென்று உத்தரவு. அயல்வீட்டு வாத்தியார் என்ற மதிப்புக்காக என்னை மட்டும் சபைக்கு அழைத்திருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ" என்று மனைவி கடைசியாக ஒரு முறை சொன்னா. "இண்டைக்கு ஒரு நாள், பிள்ளைக்காக, வாயை அடக்கிக்கொண்டு இருங்கோ."

"நான் என்ன விசரனே?" என்றார் அவர்.

தலைவர் உயரமான மனிதர். உடம்பெல்லாம் திருநீறு, வெண்கலக் குரல். இங்கிலிசு தெரியாது, ஆனால் தமிழில் மழையாகப் பொழிவார். இருந்ததும் இராததுமாகக் கேட்டார்:

"மலாயாவிலை கனகாலம் இருந்திருக்கிறியள். குடிவகை ஏதும் உண்டோ?"

"சீச்சீ" என்றார் மலாயாக்காரர், கண்ணை இமைக்காமல். "அங்கை மழைக்குளிருக்குக் கொஞ்சம் எடுத்தனான். கப்பலேறின அண்டைக்கே விட்டிட்டன்."

கூட வந்திருந்த தரகர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

சாப்பாடு திறமாக இருந்தது. தலைவர் இரண்டு முறை பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு, தன் துணிப்பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு கபில நிறப் போத்திலை எடுத்தார்.

"இது என்ரை டொனிக்" என்றார். "கொழும்பிலை ஒரு டாக்குத்தர் சொல்லித் தந்தது. மூண்டு வருஷமா மத்தியானமும் இரவும் சாப்பாட்டுக்குப் பேந்து அரைக் கிளாஸ். நெஞ்சுக்குள்ளை ஒரு இளஞ்சூடு பரவும். நல்ல நித்திரை. அதைவிட, இதைக் குடிச்சிட்டு மேடையிலை ஏறினன் எண்டால் பேச்சு அருவியாய் வரும். நீங்களும் ஒரு வாய் பாருங்கோ."

"அவருக்கு மருந்துகள் ஒத்துவராது" என்று மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னா.

"ஓமோம், பத்தியக்காரன்" என்றார் தரகர்.

தலைவர் கேட்கவில்லை. வார்த்தே விட்டார்.

மலாயாக்காரர் கிளாசை வாங்கினார். ஒரு மிடறு எடுத்தார். கண்ணை மூடினார். எனக்கு அந்த முகம் தெரியும். நல்ல மருந்து என்று சொல்லுங்கோ அண்ணை, இரண்டே இரண்டு சொல், என்று மனதுக்குள் உரும்பிராயிலுள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். மனைவி நின்ற கதவுப் பக்கம் பார்த்தார். தரகரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்ல சாமான்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது.

"போர்ட் வைன். மெத்தப் பழசுமில்லை, இளசுமில்லை. பீப்பாவுக்குள்ளை மூண்டு நாலு வருஷம் கிடந்திருக்கும்."

தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன எண்டியள்?"

"வைன் ஐயா. முந்திரிகைச் சாராயம். நீங்கள் ஒரு நாளைக்குக் குடிக்கிறது, நான் சனிக்கிழமையிலை குடிக்கிறதைவிடக் கூட."

"சனிக்கிழமையிலையோ? கப்பலோடை விட்டிட்டன் எண்டு சொன்னியளே?"

"அது பொய்" என்றார் மலாயாக்காரர். "இது மெய்."

தரகர் தலையில் கையை வைத்தார். தலைவரின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "ஆரைப் பாத்து என்ன சொல்லுறியள்? போத்திலிலை கடதாசி ஒட்டு ஒட்டிக் கிடக்கு. எனக்கு இங்கிலிசு தெரியாது. உங்கடை பிள்ளை படிச்சவ எண்டுதானே தரகர் சொன்னவர்? கூப்பிடுங்கோ. வாசிக்கட்டும்!"

பாடச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டு உள்ளே நின்ற பூமணி, போத்தில் வாசிக்க வெளியே வந்தாள். இரண்டு கையாலும் அதை வாங்கி ஒட்டைப் பார்த்தாள். "முதல் வரியிலை பெயர் இருக்கு மாமா" என்றாள். மாமா என்ற சொல்லைக் கேட்டுத் தலைவர் ஒரு கணம் தடுமாறினார். "இரண்டாம் வரியிலை... வைன் எண்டு எழுதியிருக்கு."

"வேறை? கீழை கிடக்கிறது என்ன?"

அவள் கீழே பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கூரைச் சிலாகைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பெலத்துக்குச் சேர்த்த சத்துகள் மாமா. இரும்பு, அது இது" என்றாள்.

தலைவர் எழுந்தார். துவாயை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தார். போய் வண்டியில் ஏறினார். தரகர் அவருக்குப் பின்னால் ஓடினார். போத்தில் மேசையிலேயே நின்றது.

அதன் பிறகு மூன்று கிழமை கொடிகாமத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வீட்டில் மனைவி கணவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. கறியில் உப்புப் போடுவதையும் நிறுத்திவிட்டா. அவர் ஒவ்வொரு நாளும் "உப்பில்லை" என்று சொல்லிவிட்டு, முழுவதையும் சாப்பிட்டு எழுந்தார். சனிக்கிழமைகளில் உமல் கிணற்றில் இறங்கவில்லை. அப்போதிக்கரியார் வந்து சும்மா இருந்துவிட்டுப் போனார்.

ஒரு பின்னேரம் மலாயாக்காரர் என்னிடம் கேட்டார்: "தம்பி, என்ரை நாக்கை வைச்சு என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டனோ?" அந்த மனிதரை அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை.  அவரிடம் பொய்யாக ஆறுதல் சொல்ல முடியாது. "தெரியேல்லை அண்ணை" என்றேன்.

நாலாவது சனிக்கிழமை பூமணி தகப்பனிடம் வந்து, "ஐயா, உமலைக் கிணத்துக்குள்ளை இறக்கியிருக்கிறன். ரண்டு போத்தில். அந்த ரண்டு பேருக்கும் ஆளனுப்பியாச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாராமல் உள்ளே போனாள். அவர் எழுந்து சாய்மனைக் கதிரையைப் பலா மரத்தடிக்கு இழுத்தார்.

அன்றைக்கென்று பார்த்துத்தான் தலைவர் வந்தார். தனியாக வந்தார். நாங்கள் நால்வரும் கிளாசும் பிளாவுமாக இருந்தோம். ஒளிக்க நேரமில்லை, மலாயாக்காரர் ஒளிக்கப் பார்க்கவும் இல்லை. எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார்.

தலைவர் இருந்தார். கிளாசுகளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேறை ஒரு டாக்குத்தரிட்டைக் கேட்டன். வைன்தானாம்" என்றார். "விட்டிட்டன். ஒரு கிழமை நித்திரையில்லை. யோசிச்சுப் பாத்தன். மூண்டு வருஷம். என்ரை மனிசிக்கு மணத்திருக்கு. மகனுக்கு மணத்திருக்கு. சங்கத்துச் செயலாளர் மேடையிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிறவர், அவருக்கு மணத்திருக்கு. ஒரு குருவி சொல்லேல்லை. கலியாணம் குழம்புமெண்டு தெரிஞ்சும் நீங்கள் சொன்னியள்."

மலாயாக்காரர் தன் கிளாசைக் கீழே வைத்தார்.

"குடிக்கிறதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டன். இதைக் கண்டாலே எனக்குப் பத்தி எரியும். ஆனால் சம்பந்தத்துக்கு ஒப்புக்கொள்ளுறன். ஆவணியிலை நாள் பாப்பமோ?"

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. செல்லையர் மகிழ்ச்சியில் பிளாவைத் தலைவர் பக்கம் நீட்டப் போய், நல்லவேளையாக இடையில் நினைவு வந்து இழுத்துக்கொண்டார். தலைவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "சம்பந்தி, அந்தப் போத்தில் இஞ்சை கிடக்கோ? இனி ஒவ்வொரு கூட்டத்திலையும் அதைத் தூக்கிக் காட்டி, எப்பிடி ஏமாந்தன் எண்டு சனத்துக்குச் சொல்லப்போறன்."

மலாயாக்காரரின் முகம் மாறியது. "கழுவிக் கொண்டுவாறன்" என்று சொல்லி உள்ளே போய்ப் போத்திலை எடுத்துக்கொண்டு, மாட்டுத் தொட்டிப் பக்கம் விறுவிறென்று நடந்தார். கழுவ ஏன் இவ்வளவு அவசரம் என்று நானும் பின்னால் போனேன். அவர் போத்திலைத் தண்ணீருக்குள் அமுக்கி, பெருவிரல் நகத்தால் ஒட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த ஒட்டின் கீழ் வரி இன்னும் போகவில்லை. வாசித்தேன். பெலத்துக்குச் சேர்த்திருந்தது மாட்டிறைச்சிச் சாறு.

தலைவர் பிறந்ததிலிருந்து மச்ச மாமிசம் தொடாத சைவர்.

"அண்ணை, இது..."

"முதல் மிடறிலையே தெரிஞ்சது" என்றார் தலை நிமிராமல். "வைனைச் சொன்னால் மனுஷன் விட்டிடுவார், அது போதும். இதைச் சொன்னால் அந்தாள் சோறு தின்னாமல் செத்துப்போம். சொல்லவேண்டியது தொண்டை வரைக்கும் வந்திட்டுது தம்பி. பிள்ளையும் கண்டிட்டாள். நான் அவளைப் பாக்கேல்லை. பாத்திருந்தால் சொல்லியிருப்பன்." இன்னும் வேகமாகச் சுரண்டினார். "கூட்டத்திலை இங்கிலிசு படிச்சவன் எத்தினை பேர் இருப்பான்!"

வெறும் போத்திலைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒட்டு ஊறிக் கழண்டுபோச்சு சம்பந்தி."

"பரவாயில்லை. நான் சொன்னால் சனம் நம்பும்" என்றார் தலைவர்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அடுத்த மாதம் கொடிகாமத்தில் பெரிய கூட்டம். சம்பந்தி வீட்டாருக்கு முன்வரிசையில் இடம். நானும் போயிருந்தேன். டொனிக் இல்லாமலும் தலைவரின் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் அவர் போத்திலை உயரத் தூக்கினார்.

"மகாசனங்களே! மூன்று வருடம் நான் மருந்து என்று நம்பிக் குடித்தேன். என் சம்பந்தி ஒரே மிடறில் கண்டுபிடித்தார். இதற்குள்ளே இருந்தது என்ன தெரியுமா?"

கூட்டம் மூச்சு விடவில்லை. மலாயாக்காரர் மேலே பார்த்தார். பக்கத்தில் பூமணி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"வைன்!" என்று முழங்கினார் தலைவர்.

முன்வரிசையில் இரண்டு பெருமூச்சு ஒன்றாகக் கேட்டது. பிறகு எல்லோருக்கும் முதலாவதாகக் கைதட்டத் தொடங்கியவர் மலாயாக்காரர்தான்.